15-0: எல்எஸ்யூ 2019 சீசன். ஓர்ஜரான் ஜெயிச்சாரா, ஜெயிக்க விட்டாரா?

பேட்டன்ரூஜ்_பாண்டி

போன வாரம் வேற இழையில ஒருத்தர், "கோச்சுன்னா ஓரமா நின்னு கத்துறவர்தானே, அவருக்கு எதுக்கு இவ்வளவு சம்பளம்?"னு கேட்டிருந்தார். பதில் எழுத உக்காந்தேன், நீண்டுடுச்சு. அதனால தனி இழை.

நான் எடுத்துக்கிறது லூசியானா ஸ்டேட் யுனிவர்சிட்டி, சுருக்கமா எல்எஸ்யூ. 2019 சீசன். அமெரிக்கன் ஃபுட்பால், நம்ம ஊர் கால்பந்து இல்ல. 15 மேட்ச், 15 வெற்றி. மொத்தம் 726 பாயின்ட். பெரிய டிவிஷன்ல அதுவரைக்கும் எந்தக் காலேஜ் டீமும் ஒரே சீசன்ல அவ்வளவு எடுத்ததில்ல. நான் அப்போ அங்க எம்.எஸ். படிச்சிட்டிருந்தேன், அதனால கொஞ்சம் பாசம் இருக்கும், முன்னாடியே சொல்லிடறேன்.

தலைமைக் கோச் எட் ஓர்ஜரான். லாரோஸ்ங்கிற ஊர்க்காரர், பயூ லஃபோர்ஷ்னு ஒரு நீர்க்கால் ஓரம். கேஜன் மக்கள், பழைய பிரெஞ்சு வம்சாவளி. அவர் குரலைக் கேட்டிருக்கீங்களா? கருங்கல் ஜல்லியை டிப்பர்ல இருந்து கொட்டுற மாதிரி இருக்கும். 1979-ல இதே எல்எஸ்யூவுக்கு ஆட வந்துட்டு, மனசு ஒட்டாம ஊருக்கே திரும்பிப் போயிட்டார். ஊர்ல குழி வெட்டுற வேலை. அப்புறம் நார்த்வெஸ்டர்ன் ஸ்டேட்டுல சேர்ந்து ஆடி, கோச்சிங் பக்கம் வந்தார். மயாமி காலேஜ்ல டிஃபன்சிவ் லைன் (தடுப்பு முன்வரிசை) கோச்சா இருந்தப்போ அவர்கிட்ட பயிற்சி எடுத்தவங்கள்ல ஒருத்தர் டுவெய்ன் ஜான்சன். ஆமா, அதே ராக்.

தலைமைக் கோச்சா முதல் வாய்ப்பு ஓல் மிஸ்ல (மிசிசிப்பி யுனிவர்சிட்டி), 2005-ல இருந்து 2007 வரைக்கும். 10 வெற்றி, 25 தோல்வி. கடைசி வருஷம் சொந்த கான்ஃபரன்ஸ்ல, அதாவது லீக்ல, ஒரு மேட்ச்கூட ஜெயிக்கல. எல்லாத்தையும் தானே பாக்கணும், எல்லார் மேலயும் பாயணும்ங்கிற ஆளு அப்போ. 2013-ல யுஎஸ்சியில (சதர்ன் கலிஃபோர்னியா யுனிவர்சிட்டி) கோச் லேன் கிஃபினைப் பாதி சீசன்ல தூக்கினப்போ இவர் இடைக்காலக் கோச். முதல் வேலையா என்ன பண்ணார் தெரியுமா? பசங்க சாப்பாட்டுல நிறுத்தி வச்சிருந்த குக்கீயைத் திரும்பக் குடுத்தார். 6 வெற்றி, 2 தோல்வி. இருந்தும் வேலையை நிரந்தரமாக்கல.

2016-ல எல்எஸ்யூவுல கோச் லெஸ் மைல்ஸைத் தூக்கினப்போ மறுபடி இடைக்காலம், மறுபடி 6-2. நிர்வாகத்துக்கு டாம் ஹெர்மன்னு வேற ஒரு கோச் மேலதான் கண்ணு. ஹெர்மன் டெக்சஸ் யுனிவர்சிட்டிக்குப் போயிட்டார். அப்புறம்தான் நம்மாளுக்கு நாற்காலி.

என் கட்சி இதுதான்: 2019-ல அவர் செஞ்ச பெரிய காரியம், மத்த கோச்சுங்க வேலையில இருந்து கையை எடுத்தது. அதைச் செய்ய அவருக்கு 14 வருஷம் பிடிச்சுது. அதைச் சும்மா இருந்தார்னு சொல்லக்கூடாது.

மூணாவது_டவுன்

பாண்டி, பாசம் கண்ணை மறைக்குது. கோச் கையை எடுத்தார்னா, ஜெயிச்சது வேற யாரோன்னுதானே அர்த்தம்?

ஜோ பரோ. பந்தை எறியற குவார்ட்டர்பேக். முடிஞ்சுது இழை.

60 டச்டவுன் பாஸ் (எதிராளி எல்லைக்குள்ள சேந்து பாயின்ட் ஆன எறி), வெறும் 6 இன்டர்செப்ஷன் (எதிராளி பறிச்ச எறி), 5,671 யார்டு, எறிஞ்சதுல 76.3 சதவீதம் சரியா ஆள் கைக்குப் போச்சு. வருஷத்தோட சிறந்த காலேஜ் ஆட்டக்காரருக்குக் குடுக்கிற ஹைஸ்மன் விருது ஓட்டெடுப்புல 1,846 புள்ளி வித்தியாசம், அந்த விருதோட வரலாற்றுலயே பெரிசு. அந்தப் பையன் ஏன் எல்எஸ்யூ வந்தான்? அதுக்கு முன்னாடி இருந்த ஒஹையோ ஸ்டேட் காலேஜ்ல 2017 சீசன் ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி கை ஒடிஞ்சுது, அந்த இடத்துல ஹாஸ்கின்ஸ்னு இன்னொரு குவார்ட்டர்பேக் நுழைஞ்சிட்டார், இவனுக்கு இடமில்ல. டிகிரியை முடிச்சுட்டு 2018 மே மாசம் கிளம்பி வந்தான். ஓர்ஜரான் தவமிருந்தா வாங்கினார் அந்த வரத்தை? குருவி உக்கார பனம்பழம் விழுந்துச்சு.

பேட்டன்ரூஜ்_பாண்டி

அதே பனம்பழம் 2018-லயும் அங்கதான் கிடந்துச்சு அண்ணே. அதே பரோ, அதே கோச். 16 டச்டவுன் பாஸ். அலபாமாகிட்ட சொந்த மைதானத்துல 29-0ன்னு முட்டை வாங்கினாங்க, நான் நேர்ல பாத்தேன். நாலாவது குவார்ட்டர்ல ஜனங்க எழுந்து போக ஆரம்பிச்சாங்க. டைகர் ஸ்டேடியத்துல லட்சம் பேர் உக்காரலாம், அதுல பாதி காலியாகும்போது வர்ற சத்தம் இருக்கே, அலுமினிய பெஞ்சு மேல செருப்பு தேய்க்கிற சத்தம்... வேணாம், விடுங்க.

ஒரு வருஷத்துல 16 எப்படி 60 ஆச்சு? அதைச் சொல்லுங்க.

கல்லுப்பட்டி_கணேஷ்

நடுவுல வந்ததுக்கு மன்னிக்கணும். எனக்கு இந்த ஆட்டமே புதுசு, மாப்ள அமெரிக்கா போனதுல இருந்துதான் பாக்கறேன். தலைமைக் கோச், அஃபன்ஸ் கோச், டிஃபன்ஸ் கோச்னு ஏன் இத்தனை பேரு? கபடிக்கு ஒரே கோச்தானே?

பேட்டன்ரூஜ்_பாண்டி

கணேஷ் அண்ணே, கபடில அதே 7 பேர்தான் பாடியும் போவாங்க, பிடிக்கவும் செய்வாங்க. இதுல பந்து நம்மகிட்ட இருந்தா 11 பேர், எதிராளிகிட்ட போச்சுன்னா வேற 11 பேர். ரெண்டும் ரெண்டு தொழில். ஒவ்வொரு தடவையும் பந்தை எடுக்கிறதுக்கு முன்னாடி எல்லாரும் நின்னு, யார் எங்க ஓடணும்னு ஒரு திட்டம் வெளியில இருந்து வரும். அஃபன்ஸ் கோஆர்டினேட்டர் அதைச் சொல்லுவார். நாலு முயற்சிக்குள்ள 10 யார்டு முன்னேறினா மறுபடி நாலு முயற்சி. ஒவ்வொரு முயற்சிக்கும் பேரு டவுன். மேல இருக்காரே மூணாவது டவுன், அது அவர் பேரு மட்டும் இல்ல, ஆட்டத்துலயே அடிவயித்தைக் கலக்குற நேரம்.

தலைமைக் கோச் இவங்களை எல்லாம் வேலைக்கு எடுக்கணும், பசங்க வீட்டுக்குப் போய் அம்மாகிட்ட பேசி ஆள் சேக்கணும், நாலாவது டவுன்ல துணியலாமா வேணாமான்னு முடிவெடுக்கணும், தோத்தா திட்டு வாங்கணும்.

நெல்லை2ஹூஸ்டன்

16 எப்படி 60 ஆச்சுன்னு நான் சொல்றேன். ஜோ பிரேடி.

2019 ஜனவரியில வந்து சேந்தார். வயசு 29. நியூ ஆர்லியன்ஸ் செயின்ட்ஸ்ங்கிற தொழில்முறை டீம்ல சின்ன அசிஸ்டென்ட், பேரு யாருக்கும் தெரியாது. எல்எஸ்யூ அதுவரைக்கும் எப்படி ஆடும்னா, ரெண்டு தடியனை முன்னால விட்டு பின்னால ஒருத்தன் பந்தைக் கக்கத்துல வச்சுட்டு முட்டிட்டு ஓடுவான். மூணு முட்டு, அப்புறம் பந்தை உதைச்சுக் குடுத்துரு. 2012 ஜனவரி ஃபைனல்ல அலபாமாகிட்ட 21-0ன்னு தோத்தப்போ மேட்ச் முழுக்க 92 யார்டு, நடுக்கோட்டை ஒரே ஒரு தடவைதான் தாண்டினாங்க. அப்படி ஒரு பரம்பரை.

பிரேடி வந்தப்புறம் பந்து பிடிக்கிற அஞ்சு பேரையும் அகலமா விரிச்சு நிறுத்தினாங்க. பரோ பக்கத்துல ஒருத்தனும் இல்ல. டிஃபன்ஸ்காரன் எதையும் ஒளிக்க முடியாது, யாரை யார் பாக்கறான்னு அவன் நிக்கிற இடமே காட்டிக் குடுத்துரும். பரோ மாதிரி படிக்கத் தெரிஞ்ச ஆளுக்கு அது விடைத்தாளைக் கையில குடுத்துட்டுப் பரீட்சை வைக்கிற மாதிரி. 2019-ல சராசரியா ஒரு மேட்ச்சுக்கு 568 யார்டு. 92 எங்க, 568 எங்க.

ஆஸ்டின்_மலர்

செப்டம்பர் 7, ஆஸ்டின். டெக்சஸ் ஸ்டேடியத்துல நான் இருந்தேன், ஆனா ஆரஞ்சு சட்டை போட்டுக்கிட்டு. அதாவது தோத்த பக்கம்.

சாயங்காலம் ஆறரைக்கு ஆரம்பம், ஆனா வெக்கை தணியவே இல்ல. கான்கிரீட் படியில கை வச்சா சுட்டுச்சு. ரெண்டாவது பாதியில எல்எஸ்யூ பசங்க ஒவ்வொருத்தரா தசைப்பிடிப்புன்னு விழ ஆரம்பிச்சாங்க. எங்க டீம் வேகமா போகும்போதுதான் விழுறாங்க, நடிப்புன்னு எங்க வரிசையே கத்துச்சு. எனக்குப் பின்னாடி ஒரு பாட்டி, எழுபது வயசுக்கு மேல இருக்கும், அவங்க சொன்னதைத் தமிழ்ல எழுதினா மாடரேட்டர் என்னைத் தூக்கிடுவார்.

37-31, எல்எஸ்யூ முன்னால. ரெண்டரை நிமிஷத்துக்குக் கொஞ்சம் மேல இருக்கு. மூணாவது டவுன், போக வேண்டியது 17 யார்டு. யாரா இருந்தாலும் பத்திரமா ஒரு ஓட்டம் ஓடி நேரத்தைக் கரைச்சுட்டு, பந்தை உதைச்சுக் குடுத்துருவாங்க. பழைய எல்எஸ்யூ நிச்சயமா அதான் செஞ்சிருக்கும். இவங்க எறிஞ்சாங்க. எங்க பசங்க கூட்டமா பாய்ஞ்சாங்க, பரோ நெரிசலுக்குள்ளயே ஒரு எட்டு முன்னால வச்சு விட்டான். அவங்க ஆளு ஜெஃபர்சன் பிடிச்சு அப்படியே ஓடிட்டான். 61 யார்டு, டச்டவுன். 45-38ல முடிஞ்சுது.

நான் கேக்கிறது என்னன்னா, அந்த இடத்துல "எறி"ன்னு சொல்ல விட்டது யாரு? கோஆர்டினேட்டர் கேப்பார், ஆனா காதுல மாட்டியிருக்கிற ஹெட்செட்ல "வேணாம்"னு ஒரு வார்த்தை சொல்ற அதிகாரம் தலைமைக் கோச்சுக்குத்தான். அவர் சொல்லல. எதிர்ப்பக்கம் நின்னவர், இவருக்கு முன்னாடி எல்எஸ்யூ தேடிப்போன அதே ஹெர்மன்.

பேட்டன்ரூஜ்_பாண்டி

மலர் அக்கா, ஆரஞ்சு சட்டை போட்டுக்கிட்டு என் கட்சிக்கு வக்காலத்து வாங்கிட்டீங்க. கோடி நன்றி.

எங்க ஊர்ல தேரோட்டம் பாத்தவங்களுக்குத் தெரியும். வடம் பிடிக்கிறவன் ஆயிரம் பேரு. சக்கரத்துக்கிட்ட முட்டுக்கட்டையோட ஒருத்தர் குனிஞ்சே வருவார். எப்பப் போடணும், எப்ப உருவணும்னு அவருக்குத் தெரியணும். அவர் தேரை இழுக்கல, ஆனா திருப்பத்துல தேர் வீட்டுக்குள்ள போகாம இருக்கிறது அவர் கையிலதான். ஓர்ஜரான் 2017-ல தப்பான நேரத்துல கட்டையைப் போட்டவர். மேட் கனடான்னு ஒரு கோஆர்டினேட்டரைக் கொண்டு வந்துட்டு, அவர் ஆட்டத்துல இருந்த இடமாத்து வித்தையை எல்லாம் குறைக்கச் சொன்னார். டிராய்னு சின்ன டீம் ஒண்ணு, டைகர் ஸ்டேடியத்துக்கே வந்து 24-21ன்னு ஜெயிச்சுட்டுப் போச்சு. வருஷக் கடைசியில கனடாவுக்குப் பணம் குடுத்து அனுப்பினாங்க.

அந்த ஆள் ரெண்டு வருஷம் கழிச்சு, மூணாவது டவுன், 17 யார்டுல வாயை மூடிக்கிட்டு நின்னார். எனக்கு அது பெரிசாத் தெரியுது.

மூணாவது_டவுன்

வாயை மூடினதுக்கெல்லாம் கோப்பை குடுத்தா எங்க மாமனாருக்கு ஒரு அலமாரி நிறைய இருக்கணும்.

சரி, டிஃபன்ஸ்? ஓர்ஜரானோட சொந்தத் தொழில் அது. நவம்பர்ல ஓல் மிஸ் மேட்ச் பாத்தீங்களா? 58-37ன்னு ஜெயிச்சாங்க, ஆனா எதிராளி 600 யார்டுக்கு மேல போனான். பிளம்லீங்கிற குவார்ட்டர்பேக், முதல் வருஷப் பையன், 212 யார்டு ஓடியே போனான், நாலு டச்டவுன். தடுக்க ஆளில்ல. வாண்டர்பில்ட்டுக்குக்கூட 38 பாயின்ட் விட்டாங்க. பரோ ஒவ்வொரு வாரமும் 50 எடுத்துக் குடுத்ததால யாரும் கேள்வி கேக்கல.

நெல்லை2ஹூஸ்டன்

பாதிதான் சொன்னீங்க. ஓல் மிஸ்ஸுக்கு அப்புறம் என்ன ஆச்சு? ஆர்கன்சாவுக்கு 20, டெக்சஸ் ஏ அண்ட் எம்முக்கு 7, ஜார்ஜியாவுக்கு 10, ஓக்லஹோமாவுக்கு 28, ஃபைனல்ல கிளெம்சனுக்கு 25. அந்தக் கிளெம்சன் தொடர்ச்சியா 29 மேட்ச் ஜெயிச்சுட்டு வந்த டீம். டிஃபன்ஸ் கோஆர்டினேட்டர் டேவ் அராண்டா சத்தமில்லாம சரி பண்ணார். அடிபட்டுக் கிடந்த பசங்க திரும்பி வந்ததும் ஒரு காரணம். ஸ்டிங்லின்னு பின்வரிசை ஓரத்துல (கார்னர்) ஒரு முதல் வருஷப் பையன், டெல்பிட் கடைசிக் காவல் (சேஃப்டி), குவீன் நடுவுல. அடுத்த ஏப்ரல், தொழில்முறை டீம்கள் ஆள் எடுக்கிற டிராஃப்ட்ல இந்த டீம்ல இருந்து 14 பேர் போனாங்க, அதுல முதல் ரவுண்டுல மட்டும் அஞ்சு பேர்.

ஆபர்ன் மேட்ச்சைப் பத்தி யாருமே பேசல பாருங்க. 23-20. அந்த சீசன்லயே இவங்களை 36-க்குக் கீழ நிறுத்தினது அவங்க மட்டும்தான். முன்னால மூணே பேரை நிறுத்திட்டு மீதி அத்தனை பேரையும் பின்னால பரப்பிட்டாங்க. அப்போ கிளைட் எட்வர்ட்ஸ்-ஹெலேர் ஓடித்தான் பிழைச்சாங்க. பேட்டன் ரூஜ் உள்ளூர்ப் பையன், அஞ்சே முக்கால் அடிகூட இருக்க மாட்டான், அவனைக் கட்டிப் பிடிச்சா வெண்டைக்காய் மாதிரி வழுக்கிட்டுப் போயிடுவான். சீசன்ல 1,414 யார்டு ஓடினான், எல்லாரும் பரோவை மட்டும் பாத்துட்டிருந்தாங்க.

கல்லுப்பட்டி_கணேஷ்

அலபாமாவை அந்த வருஷம் ஜெயிச்சாங்களா இல்லையா? அதைச் சொல்லாம வெண்டைக்காய்க்குப் போயிட்டீங்க.

பேட்டன்ரூஜ்_பாண்டி

ஜெயிச்சாங்க அண்ணே. நவம்பர் 9, அலபாமா ஊர்லயே, 46-41. அதுக்கு முன்னாடி அலபாமாகிட்ட வரிசையா எட்டு தோல்வி. அவங்க கோச் நிக் சேபன் எல்எஸ்யூவுக்கே 2003-ல சாம்பியன்ஷிப் வாங்கிக் குடுத்துட்டு அப்புறம் எதிரிப் பாசறைக்குப் போனவர், அதனால உள்ளூர்க் கோபம் ரெண்டு மடங்கு.

இடைவேளையில 33-13. அப்புறம் அலபாமா விரட்டி விரட்டி வந்துச்சு. அவங்க குவார்ட்டர்பேக் டுவா கணுக்கால்ல ஆபரேஷன் பண்ணி மூணு வாரம்கூட முழுசா ஆகல, நொண்டிக்கிட்டே 400 யார்டுக்கு மேல எறிஞ்சார். நாங்க ஒரு அப்பார்ட்மென்ட்ல இருபது பேர் பாத்துட்டிருந்தோம். தெலுங்குப் பசங்க, நேபாளி ஒருத்தன், கீழ்வீட்டு கேஜன் தாத்தா ஒருத்தர். ஒவ்வொரு சீசனும் நவம்பர்ல அழுதே பழகினவர். கிளைட் மூணு பேரை முதுகுல சுமந்துக்கிட்டு ஓடினப்போ தாத்தா எழுந்து நின்னார், உக்காரல. மேட்ச் முடிஞ்சதும் சத்தம் போடல. அவர் கொண்டு வந்த கம்போ (லூசியானா குழம்பு) சட்டி அடுப்புல இருந்துச்சு, போய் கிண்டினார். அடி பிடிச்சிருந்துச்சு. அதையே எல்லாருக்கும் ஊத்திக் குடுத்தார். கருகின வாசனை, ரூ (குழம்புக்கு வறுத்த மாவு) அடியில கறுப்பா. நான் சாப்பிட்டதுலயே அதுதான்... சரி, இழைக்கு வெளியில போகுது.

ஓய்வுபெற்ற_வாத்தியார்

இளைஞர்கள் பிரேடி பிரேடி என்கிறீர்கள். ஒரு திருத்தம். அஃபன்ஸ் கோஆர்டினேட்டர் பதவி அந்த ஆண்டு ஸ்டீவ் என்ஸ்மிங்கரிடம் இருந்தது. ஆட்டத்தின் போது திட்டத்தைச் சொன்னவரும் அவர்தான். பிரேடி பாஸிங் பிரிவுக்குப் பொறுப்பு. ஆண்டின் சிறந்த உதவிக் கோச்சுக்கான பிராய்ல்ஸ் விருது பிரேடிக்குப் போனது. என்ஸ்மிங்கர் ஒரு வார்த்தை பேசவில்லை.

அந்த மனிதரின் கதையைப் பாருங்கள். 1970-களில் எல்எஸ்யூவுக்கே குவார்ட்டர்பேக்காக ஆடியவர். 2016-இல் இடைக்கால கோஆர்டினேட்டர். மறு ஆண்டு கனடா வந்ததும் பழையபடி டைட் எண்ட் என்ற ஒரு பிரிவுக்கு மட்டும் கோச்சாக இறக்கினார்கள். போகவில்லை, இருந்தார். 2018-இல் மறுபடி ஏற்றினார்கள். 2019-இல் வயதில் பாதிகூட இல்லாத ஒரு பையனைப் பக்கத்தில் உட்கார வைத்தார்கள். அதற்கும் இருந்தார், அவனிடம் கற்றுக்கொண்டார்.

டிசம்பர் 28, அட்லான்டா, ஓக்லஹோமாவுடன் அரையிறுதி. அன்று காலை லூசியானாவில் லாஃபயெட்டிலிருந்து அந்த ஆட்டத்தைப் பார்க்கக் கிளம்பிய சிறு விமானம் ஒன்று மேலெழுந்த சற்று நேரத்தில் விழுந்தது. இறந்த ஐவரில் என்ஸ்மிங்கரின் மருமகளும் ஒருவர். செய்தியைச் சொல்ல வேண்டியவர் ஓர்ஜரான். சொன்னார். என்ஸ்மிங்கர் மேலே கோச்சுகள் உட்காரும் பெட்டிக்குப் போய் உட்கார்ந்து ஆட்டத்தை நடத்தினார். முதல் பாதியில் மட்டும் பரோ ஏழு டச்டவுன் பாஸ் எறிந்தான், அதில் நான்கு ஜெஃபர்சனுக்கு. 63-28.

யாருக்குப் பெருமை என்று நீங்கள் பங்கு பிரிப்பதைக் காலையிலிருந்து படித்துக்கொண்டிருக்கிறேன். அந்தப் பெட்டியில் உட்கார்ந்திருந்தவருக்கும் ஒரு பங்கு எடுத்து வையுங்கள் என்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன்.

மூணாவது_டவுன்

வாத்தியாரே, இது எனக்குத் தெரியாது. தலை வணங்கறேன்.

ஆஸ்டின்_மலர்

நானும் அந்த மேட்ச் பாத்தேன், ஆனா அன்னிக்கு இது இவ்வளவு மனசுல பதியல. எல்லாரும் ஸ்கோரையே பாத்துட்டு இருந்தோம்.

மூணாவது_டவுன்

மறுபடி வரேன், ஏன்னா என் கேள்வி இன்னும் அப்படியேதான் இருக்கு.

2020 ஜனவரி 13, நியூ ஆர்லியன்ஸ். வீட்டுக்குப் பக்கத்து மைதானம். 17-7ன்னு பின்தங்கி, இடைவேளைக்குள்ள 28-17 ஆக்கி, கடைசியில 42-25. பரோ 463 யார்டு, அஞ்சு பாஸ், ஒரு ஓட்டம். பந்து பிடிக்கிற சேஸ் 221 யார்டு. சுருட்டு, கலர்த்தாள், எல்லாம் ஆச்சு. (பழைய எல்எஸ்யூ ஆட்டக்காரர் ஓடெல் பெக்கம் மைதானத்துலயே பசங்களுக்கு நோட்டை எண்ணிக் குடுத்தாரே, முதல்ல போலி நோட்டுன்னாங்க, பரோவே பின்னாடி ஒரு பேட்டியில நிஜம்னு சொல்லிட்டான். அது விதிமீறல், அதுக்கும் சேத்துதான் எல்எஸ்யூவுக்கு ஸ்காலர்ஷிப் வெட்டு வந்துச்சு.)

ஒரு வாரம்கூட ஆகல. பிரேடி கரோலினா பாந்தர்ஸ்ங்கிற தொழில்முறை டீமுக்கு. அராண்டா பேய்லர் யுனிவர்சிட்டிக்குத் தலைமைக் கோச். பரோ போயாச்சு. கோவிட் வந்ததும் சேஸ் அந்த சீசனே வேணாம்னு ஒதுங்கிட்டான். அடுத்த சீசன் முதல் மேட்ச், மிசிசிப்பி ஸ்டேட், அங்க கோச் மைக் லீச்சுக்கு முதல் நாள். 623 யார்டு எறிய விட்டாங்க, கான்ஃபரன்ஸ் ரெகார்டு. 44-34ன்னு தோல்வி. அராண்டா இடத்துக்கு போ பெலினியைக் கொண்டு வந்தது யாரு? ஓர்ஜரான். 2020-ல 5-5. 2021 அக்டோபர் 17, ஃபுளோரிடாவை 49-42ன்னு ஜெயிச்ச மறுநாள், சீசன் முடிஞ்சதும் கிளம்பறார்னு அறிவிச்சாங்க. கோப்பை வாங்கி 21 மாசம்.

கையை எடுத்தது சாதனைன்னா, மத்தவங்க போனப்புறம் அங்க என்ன இருந்துச்சு?

நெல்லை2ஹூஸ்டன்

அதுல மைதானம் மட்டும் இல்ல. 2021 மார்ச்ல ஒரு சட்ட நிறுவனத்தோட அறிக்கை வந்துச்சு, பாலியல் புகார்களைப் பல்கலைக்கழகம் கையாண்ட விதத்தைப் பத்தி. ரொம்பக் கடுமையான அறிக்கை. ஃபுட்பால்னா எல்லாம் கண்டுக்காம விட்ட ஊர்னு பேராச்சு. 15-0 பேசற இழையில இது இருக்கணும்னு எழுதறேன், கோப்பையை மட்டும் படம் பிடிச்சு மாட்டினா சரியில்ல.

பேட்டன்ரூஜ்_பாண்டி

ரெண்டு பேர் சொன்னதையும் ஒத்துக்கிறேன். ராத்திரி பூரா யோசிச்சேன், முதல் பதிவுல நான் சொன்னதுல ஒரு ஓட்டை இருக்கு.

கையை எடுக்கிறதுன்னா யார் கையில குடுக்கறோம்ங்கிறதும் சேந்ததுதான். பிரேடியை அவர் எப்படிக் கண்டுபிடிச்சார்? செயின்ட்ஸ் ஆளுங்களைக் கூப்பிட்டு தன் கோச்சுங்ககிட்ட பேச வச்சார், வந்தவங்கள்ல ஒரு சின்னப் பையன் பேசினது பிடிச்சுப்போச்சு. நல்ல கண்ணு. ஆனா பெலினி? 2007 சாம்பியன் டீம்ல டிஃபன்ஸ் பாத்தவர், பழைய பேரு, பழைய பழக்கம். பசி இருக்கிற புது ஆளைத் தேடல, தெரிஞ்ச ஆளைக் கூப்பிட்டார். ஜெயிச்சவன் பண்ற தப்பு அது. 2019-க்கு முன்னாடி இருந்த ஓர்ஜரானா இருந்தா, பத்து இடத்துல கதவைத் தட்டியிருப்பார், ஏன்னா அவருக்கு வேற வழி இல்ல.

ஆனா மூணாவது அண்ணே, ஒண்ணு கேக்கறேன். 21 மாசத்துல விழுந்ததால அந்த 15 மேட்ச்ல அவர் பங்கு குறைஞ்சிடுமா? அந்த வருஷம் மட்டும் டாப் 10 டீம் ஏழு பேரை வீழ்த்தினாங்க. அலபாமா, ஜார்ஜியா, ஓக்லஹோமா, கிளெம்சன் எல்லாம் அதுல இருக்கு. அதிர்ஷ்டம்னா ஒண்ணு ரெண்டு வரும்.

மூணாவது_டவுன்

குறையாது. ஆனா நீ முதல்ல எழுதினதை விட பாதி ஆகும். என் கணக்குல பரோ 5, பிரேடி 2, என்ஸ்மிங்கர் 1, மீதிப் பசங்க 1, ஓர்ஜரான் 1. என்ஸ்மிங்கரை இன்னிக்குத்தான் சேத்தேன்.

ஆஸ்டின்_மலர்

அந்த 5 பரோவுக்குக் குடுக்கறீங்களே, ஏ அண்ட் எம் மேட்ச்சுக்கு அவன் போட்டுட்டு வந்த ஜெர்சி ஞாபகம் இருக்கா? சொந்த மைதானத்துல கடைசி மேட்ச். முதுகுல பேரோட கடைசி ஓசையைக் கேஜன் பிரெஞ்சு மாதிரி நாலு எழுத்து போட்டு மாத்தி எழுதிட்டு ஓடி வந்தான். ஒஹையோ பையன். அந்த ஊர் அவனைத் தத்தெடுத்துக்கிச்சு, அவனும் அதைத் தெரிஞ்சு வச்சிருந்தான். ஹைஸ்மன் மேடையில ஓர்ஜரான் பேரைச் சொல்லும்போது அழுதான். என்னை நம்பினாரு, எனக்குன்னு ஒருத்தர் வாய்ப்பு குடுத்தாருங்கிற மாதிரி பேசினான். அதே பேச்சுல தென்கிழக்கு ஒஹையோவுல பசியோட பள்ளிக்கூடம் போற பிள்ளைங்களைப் பத்தியும் சொன்னான், அந்த ஊர் உணவு வங்கிக்கு லட்சக்கணக்குல டாலர் குவிஞ்சுது. 1-ன்னு மார்க் போடறீங்க, அவனைக் கேட்டா வேற மார்க் போடுவான்.

மூணாவது_டவுன்

சரி தாயே, ஒண்ணரை.

பேட்டன்ரூஜ்_பாண்டி

எடுத்துக்கிறேன்.

சம்பளம் பத்திக் கேட்டவருக்குப் பதில் சொல்லாம விட்டுட்டேன். ஓர்ஜரானை அனுப்பறதுக்கு மட்டும் எல்எஸ்யூ ஒத்துக்கிட்ட தொகை கிட்டத்தட்ட 1 கோடியே 69 லட்சம் டாலர். வேலை செய்யாம இருக்கிறதுக்கு. பின்னாடி ஒரு கூட்டத்துல அவரே சொல்லிச் சிரிச்சார்: பணம் இவ்வளவு தர்றோம்னதும், எத்தனை மணிக்குக் கிளம்பணும், எந்தக் கதவு வழியாப் போகணும்னுதான் கேட்டாராம். லாரோஸ் குழி வெட்டு எங்க, இது எங்க.

இன்னொரு கூத்து. யுஎஸ்சியில குக்கீயை நிறுத்தி வச்சிருந்தாரே கிஃபின், 2025 கடைசியில எல்எஸ்யூ தலைமைக் கோச் வேலைக்கு வந்து சேந்தவர் அவர்தான்.

கல்லுப்பட்டி_கணேஷ்

எல்லாத்தையும் படிச்சேன், முக்கால்வாசி புரிஞ்சுது. ஒரே ஒரு மேட்ச் பாக்கணும்னா எது? எனக்குப் பொறுமை கம்மி, ஆட்டத்தை விட விளம்பரம் ஜாஸ்தியா இருக்கு.

ஆஸ்டின்_மலர்

டெக்சஸ் மேட்ச். கடைசி மூணு நிமிஷம் மட்டும். நான் சொன்ன அந்த மூணாவது டவுன்ல ஆரம்பிங்க அண்ணே. எனக்கு வயிறு எரியும், பரவாயில்ல.

கல்லுப்பட்டி_கணேஷ்

பாத்தேன் மா. நாலு தடவை. பந்து எங்க இருக்குன்னு கண்டுபிடிக்கவே ரெண்டு தடவை ஆச்சு. மூணாவது தடவை பரோவைப் பாத்தேன், அத்தனை பேர் மேல விழ வர்றப்போ பின்னால ஓடாம முன்னால ஒரு எட்டு வைக்கிறான். நாலாவது தடவை பையன் வந்து பக்கத்துல உக்காந்துட்டான். இப்ப அவன் ஃபோனை என்கிட்ட தர மாட்டேங்கிறான், பதிலை அவன் அம்மா ஃபோன்ல இருந்து அடிக்கறேன்.